ஜூன் 17: மழை இல்லை

ஜனவரி 9

தம்பிக்கு,

ஏரியின் தென்கரையில் பதினோரு ஏக்கரை மண் போட்டு மூடி, அங்கே புதிய பஸ் ஸ்டாண்டு கட்டுவதென்று நகராட்சி நேற்று தீர்மானம் போட்டுவிட்டது. நகல் இன்று காலை பத்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கீழே ஆணையரின் கையெழுத்து இருக்கிறது. நின்று இரண்டு முறை படித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீர்மட்டம் குறைந்துவரும் ஏரியில் ஒரு கூடை மண்கூடப் போடக் கூடாது என்பது விதி. குறையாத ஏரியில் போடலாம். தீர்மானத்தின் நான்காவது பத்தி சொல்வது இது: "ஞாயிறு நடைக்காரர்கள் பத்தொன்பது ஆண்டுகளாக வாரந்தோறும் எழுதிவரும் நோட்டின்படி, ஏரியின் சராசரி நீர்மட்டம் இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே குறைந்துள்ளது."

அந்த நோட்டு என்னுடையது. நகராட்சி கேட்டபோது பெருமையாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனால் என் கண் வேறு சொல்கிறது. தென்கரைப் படித்துறையில் முன்பு தண்ணீருக்குள் இருந்த மூன்று படிகள் இப்போது வெளியே காய்கின்றன. தெற்குத் தெருவில் ஒன்பது கிணறுகளில் ஏழு வற்றிவிட்டன. ஏரிக்குள் நிற்கும் அளவுக் கம்பத்தில் எண் மட்டும் இறங்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டபோது நீதான் ஓவர்சியர். அந்த வேலையில் அளவுக் கம்பத்தை யாராவது தொட்டார்களா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும். ஆட்சேபணை விசாரணை பிப்ரவரி 20.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாக ஒரு வரி இல்லை. இவன் இருக்கிறானா செத்தானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கம்பம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். கம்பத்துக்கு என்ன, அது நன்றாகத்தான் இருக்கும்.

ஊருக்கே நீ சிஸ்டர். ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் எல்லாருடைய காய்ச்சலையும் எழுதிவைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, ஏரிக்கு மனு எழுதினாய். பாதைக்காக ஏரி நாணலை வெட்டியதற்காக நீ என் மேலதிகாரிக்கு எழுதிய மனுவில் இரண்டாவது வரியில் என் பெயர் இருந்தது. "என் உடன்பிறந்தவரே ஆனாலும்" என்று ஒரு அலங்காரம் வேறு. அந்த ஒரு வரிக்காக மாற்றலாகி இந்த அணைக்கட்டுக் குடியிருப்பில் ஐந்து வருடமாகக் கிடக்கிறேன். இங்கே காலையில் தூசி, மாலையிலும் தூசி.

பஸ் ஸ்டாண்டு வேண்டாமென்று எப்படிச் சொல்கிறாய்? சந்தைக்குள் பஸ் திரும்பும்போது ஒரு பெண் சக்கரத்தில் விழுந்து போனாள். நீதான் அன்று துணி போட்டு மூடினாய். அவள் வீட்டில் போய் ஏரி முக்கியம் என்று சொல்லிப் பார்.

நான் இரண்டரை கிலோமீட்டர் பாதை போட்டேன். வழியில் எத்தனையோ கம்பம், கல், மரம். ஒவ்வொன்றையும் யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

ஆம், இல்லை என்று கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். வார்டில் "மாத்திரை சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் வீட்டுக் கதையெல்லாம் சொல்கிற நோயாளி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்.

நேற்று காலை ஏழு மணிக்கு வலைக்காரரை ஏரியில் இறக்கினேன். கம்பத்தின் அடி வரை கையை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கம்பத்தின் சுழி, அதாவது பூஜ்ய எண், ஏரித் தரையோடு சரியாக நிற்க வேண்டும். அவர் தலையை வெளியே நீட்டி, "சிஸ்டர், சுழியே இல்ல. எல்லாம் சேத்துக்குள்ள போயிடுச்சு. முப்பத்தெட்டுதான் கைக்கு முதல்ல தட்டுப்படுது" என்றார். இன்னொரு முறை போகச் சொன்னேன். மூன்று முறையும் முப்பத்தெட்டு.

கரையில் ஹோமியோபதி டாக்டரும் பஞ்சர் கடைக்காரரும் நின்றார்கள். பஞ்சர் கடைக்காரர், "ஆறு வருஷத்துல அவ்வளவு சேறு படியாதா என்ன?" என்று கேட்டார். புதிய ஸ்டாண்டில் அவருக்கு ஒரு கடை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். டாக்டர், "உங்களுக்குப் புதுக் கடை கிடைச்சா இன்னும்கூடப் படியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் நடப்போம். இப்போது இரண்டு கூட்டமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், பாதையின் எதிரெதிர்த் திசையில் நடக்கிறார்கள். வட்டப் பாதை என்பதால் இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் சேறு மேலே படிந்ததா, கம்பம் கீழே இறங்கியதா என்பதுதான் கேள்வி. படிந்திருந்தால் நோட்டு சரி. இறங்கியிருந்தால், தண்ணீர் குறையக் குறைய எண் மட்டும் முப்பத்தெட்டு கூடுதலாகக் காட்டி ஆறு வருடமாக என்னை ஏமாற்றியிருக்கிறது. பதில் உன்னிடம் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் மேல் துணி போட்டதை நான் மறக்கவில்லை. ஸ்டாண்டுக்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில் நகராட்சியின் காலி இடம் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

கம்பம் இறங்கியது. இறக்கியது நான்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை மதியம் ஜல்லி லாரி பின்னால் வரும்போது கரைச் சரிவில் இறங்கிக் கம்பத்தில் மோதிவிட்டது. கம்பம் குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. அளவுக் கம்பத்தைத் தொட வேண்டுமென்றால் நீர்ப் பிரிவுக்குக் கடிதம் எழுத வேண்டும், அவர்கள் வந்து மட்டம் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் ஆகும். லாரிக்காரனுக்கு உரிமம் இல்லை, அதைப் பார்க்காமல் உள்ளே விட்டது என் தவறு. ஆட்களை விட்டு நிமிர்த்தி, ஆடாமல் நிற்கும் வரை சம்மட்டியால் அடித்து இறக்கச் சொன்னேன். எவ்வளவு இறங்கியது என்று அப்போது டேப் வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன எண்தான். எங்கும் எழுதவில்லை.

அந்தச் சமயம் நீ ஊரில் இல்லை. என் மனைவிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது; நீ நான்கு மாதம் அவள் அம்மா வீட்டில் அவளைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாய். நான் உன் வீட்டில் உன் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஜூலைக் கடைசியில் நீ வந்து இறங்கியபோது சொல்லியிருக்க வேண்டும். நீ களைத்திருந்தாய். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நாணல் வந்தது, மனு வந்தது. அதற்குப் பிறகு உனக்கு ஒரு உண்மையைக் கொடுக்கிற மனம் எனக்கு இல்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடு என்று அடுத்துக் கேட்பாய். போட மாட்டேன். ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது. இப்போது ஒரு விசாரணை வந்தால் ஓய்வூதியத்தை நிறுத்திவைத்துவிடுவார்கள். மனைவியின் முதுகு எப்படி இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும்.

என் கையெழுத்து உனக்குத் தேவையும் இல்லை. நீ இல்லாத நான்கு மாதமும் உங்கள் நடைக்கூட்டத்துத் தையல்காரர்தானே ஞாயிறுதோறும் எண் பார்த்து எழுதினார்? அந்த ஜூனில் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையில் எண் முப்பத்தெட்டு எகிறியிருக்கும். மழையே பெய்யாத மாதம். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் குழந்தைக்குக்கூடப் புரியும். சேறு ஒரே வாரத்தில் படியாது.

அதைவிட ஒன்று கேட்கிறேன். அந்த எகிறலை ஆறு வருடமாக நோட்டில் வைத்துக்கொண்டு நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?

தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

நோட்டில் அந்த எகிறல் இல்லை. நான் எடுத்துவிட்டேன்.

வார்டில் ஒரு சார்ட்டில் ஐந்து நாள் நூறு டிகிரி இருந்து, நடுவில் ஒரு மணிக்கு மட்டும் நூற்று நான்கு என்று எழுதியிருந்தால், அது காய்ச்சல் இல்லை. புதிதாக வந்த நர்ஸ் தெர்மாமீட்டரைத் தப்பாகப் பிடித்திருப்பாள். நூற்றில் தொண்ணூறு முறை அப்படித்தான். நான் திரும்பி வந்தபோது மழை பெய்து ஏரி ஏறியிருந்தது, மேல் ஏரியின் மதகையும் திறந்திருந்தார்கள். தையல்காரர் எழுதிய பக்கங்களைப் பார்த்தேன். மழைக்கு முன்பே ஒரே வாரத்தில் எகிறியிருந்தது. தண்ணீர் ஏறியது உண்மை, இவர் சில வாரம் பார்க்கத் தவறி ஒரே நாளில் மொத்தமாக எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். அந்த ஏற்றத்தை ஏழு வாரத்துக்குப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து ஆறு என்று சரிவாக்கி, என் கையெழுத்தில் புதிதாக எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. அவர் எழுதிய தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு பதினைந்து பேர் முன்னால், "கண்ணாடியை மாத்துங்க. ஏரியை வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்றேன். அவர், "சிஸ்டர், நான் அளவெடுத்த சட்டை ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவர் ஏரிப் பக்கம் வருவதில்லை. நானும் என் துணிகளை வேறு கடையில் கொடுக்கிறேன்.

ஆக, நீ மறைத்ததை எழுதிவைத்தவர் ஒருவர் இருந்தார். அதை அழித்தவள் நான். கையெழுத்து தேவையா இல்லையா என்பதை இப்போது மறுபடி யோசி.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஐந்து வருடமாக உன் முகத்தை நினைக்கும்போதெல்லாம் ஒரு தவறுகூடச் செய்யாத முகமாகத்தான் வரும். சிரித்து முடித்த பிறகு சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

கம்பத்தை இறக்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரர் வந்து எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நான் பாதைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "ஓவர்சியரே, போன வாரம் நூத்திப் பத்து. இன்னைக்கு நூத்தி நாப்பத்தெட்டு. ஏரி பிள்ளைத்தாச்சியா இருக்கா?" என்றார். "கண்ணுக்குத் தெரியறதை எழுதிட்டுப் போங்க" என்றேன். அவர் உன் நோட்டில் உடனே எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து கடை அளவுப் புத்தகத்தை எடுத்து அதில்தான் முதலில் குறித்தார். எப்போதும் அப்படித்தானாம். கையில் இருக்கிற புத்தகத்தில் எழுதி, வீட்டுக்குப் போய் நோட்டில் அழகாகப் பெயர்த்து எழுதுவார். யாருடைய தோள் அளவுக்கும் கை நீளத்துக்கும் நடுவிலோ ஏரி இருக்கும். அவர் அந்தப் புத்தகங்களை வைத்திருக்கிறாரா என்று கேள்.

நீ அவரை எல்லார் முன்னாலும் பேசிய அன்று நானும் அங்கேதான் இருந்தேன். ஷூவுக்கு நாடா கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

விசாரணை நேற்று நடந்தது, முடியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பதினாறாம் தேதி தையல்காரர் கடைக்குப் போனேன். காஜா போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பழைய அளவுப் புத்தகம் எல்லாம் வச்சிருக்கீங்களா?"

"சிஸ்டர், செத்துப்போனவங்க அளவுகூட இருக்கு. ஏன், தைக்கணுமா?"

விஷயத்தைச் சொன்னேன். நீ சம்மட்டியால் அடித்ததையும் நான் அடுப்பில் போட்டதையும் சொன்னேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தம்பி குனிஞ்சப்பவே எனக்குத் தெரியும். சரி, அக்கா ஒருநாள் கேட்பாங்கன்னு இருந்தேன். ஆறு வருஷம் ஆயிடுச்சு."

"மன்னிச்சுக்கோங்க."

"இங்க யாரு இருக்கா? நானும் மெஷினும். அன்னைக்குப் பதினஞ்சு பேரு இருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் படித்துறையில் நின்றேன். இரண்டு கூட்டமும் எதிரெதிராக வந்து சேரும் இடம் அதுதான். நின்று சொன்னேன். அவர் எழுதியது சரி, நான் மாற்றியது தப்பு, தாளைக் கிழித்தது அதைவிடத் தப்பு என்றேன். பஞ்சர் கடைக்காரர், "அப்ப பத்தொம்பது வருஷ நோட்டும் பொய்யா சிஸ்டர்?" என்று கேட்டார். தையல்காரர் கடைசியில் நின்றிருந்தார். அருகில் வந்து, "புத்தகம் வரும். ஆனா உங்க கையில குடுக்க மாட்டேன். நானே எடுத்துட்டு வரேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நேற்று விசாரணை அலுவலர் முன் அவரே பக்கத்தைத் திறந்து படித்தார். ஒரு வக்கீலின் கோட்டு அளவுக்குக் கீழே: "ஜூன் 10 – 110. ஜூன் 17 – 148. மழை இல்லை." நகராட்சி வக்கீல் எழுந்து, "இது கோட்டு அளவா, ஏரி அளவா?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. தையல்காரர் அது அடங்கும் வரை காத்திருந்து, "கோட்டு உங்க அப்பாவோடது சார். நெஞ்சு முப்பத்தெட்டு. அதுவும் சரியா இருந்துச்சு" என்றார்.

அதன் பிறகு வக்கீல் என்னை எழுப்பினார். "அசல் தாள்கள் எங்கே?" எரித்துவிட்டேன் என்றேன். "ஒரு முறை மாற்றியவர் எத்தனை முறை மாற்றினாரோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இந்த ஊரில் என் வார்த்தைக்கு இருந்த மதிப்பு அந்த ஒரு நிமிடத்தில் போயிற்று. அவர் செய்தது அநியாயம் என்றும் சொல்ல முடியவில்லை.

அலுவலர் சொன்னது: தையல்காரரின் குறிப்பு ஒரு வரி. வலைக்காரர் கண்டது சேறாகவும் இருக்கலாம். கம்பத்தை இறக்கியவரே எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத்தில் சொன்னால் மட்டும் நோட்டைத் திருத்திப் படிக்க முடியும். மார்ச் 15 மாலை ஐந்து மணிக்குள் பதிவுத் தபாலில் வர வேண்டும். வராவிட்டால் நோட்டு இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளப்படும்.

நீ கையெழுத்துப் போட்டால் உன் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் முதுகில் போட்ட தையலை எண்ணியவள் நான். இருபத்திரண்டு. தெரிந்தேதான் கேட்கிறேன். நீ எனக்கு எழுதிய கடிதத்தை அங்கே காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில், "கம்பம் சாய்ந்தது, நிமிர்த்தப்பட்டது, ஆழம் நினைவில்லை" என்று இருக்கிறது. அதற்காக யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்றில் லாரியும் உரிமமும் சம்மட்டியும் முப்பத்தெட்டும் இருக்கின்றன. இரண்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று.

மனைவியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவங்க வந்து என்னைக் குளிப்பாட்டுனப்ப, நீங்க அங்க இதைத்தான் செஞ்சுட்டிருந்தீங்களா?" என்றாள். எதை அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை.

எதை அனுப்பினாலும் உனக்காக இல்லை. நாளைக் காலை தபால் ஆபீசுக்குப் போகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, தகவல்.

உன் பெயரிட்ட பதிவுத் தபால் மார்ச் 14 மாலை நான்கு பத்துக்கு விசாரணை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. பதிவேட்டில் அந்த வரியை எழுத்தர் எனக்குக் காட்டினார். உறையைக் கையில் தரவில்லை. அமர்வில்தான் பிரிப்பார்களாம்.

சனிக்கிழமை தென்கரையில் ஆறு லாரி செம்மண் கொட்டியிருக்கிறார்கள். யார் அனுமதி என்று கேட்டதற்கு, தற்காலிகமாகச் சேமித்துவைப்பது என்று நகராட்சிப் பொறியாளர் சொன்னார். நாரைகள் அந்தப் பக்கம் இறங்காமல் இரண்டு நாளாக வடகரையில் நெருக்கியடித்து நிற்கின்றன. தெற்குத் தெருவில் எட்டாவது கிணறும் வற்றியது.

நேற்று ஞாயிறு. தையல்காரர் எண்ணைப் படித்தார், நான் திருப்பிச் சொல்லி எழுதினேன். கம்பத்தின்படி நூற்று இருபத்தொன்று. எழுதியதும் நோட்டை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தந்தார். இனி ஒவ்வொரு வாரமும் பார்ப்பார்போல. நடக்க வந்தவர்கள் ஐந்து பேர்.

நோட்டில் இப்போது இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். ஒன்று கம்பம் காட்டும் எண், மற்றது உண்மையான மட்டம். இரண்டாவதில் முப்பத்தெட்டைக் கழித்து எண்பத்து மூன்று என்று எழுதப் பேனாவை வைத்தேன். உறுதியாகாததை நானே ஒருமுறை நிரப்பியது போதும் என்று எடுத்துவிட்டேன். நீ எந்தத் தாளை வைத்தாய் என்று தெரியும் வரை அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும்.

உறையைப் பிரிப்பது ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை.

அக்கா